‘அந்த எண்களை நானே படித்துச் சொல்லிவிட்டேன்’: வங்கி கைவிரித்த பிறகு என்ன வழி?

கேள்வி: நான் தென்னாப்பிரிக்காவின் டர்பன், சாட்ஸ்வொர்த்தில் வசிக்கும் 68 வயதுப் பெண். கணவர் காலமாகிவிட்டார். சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை மாலை, என் வங்கியின் மோசடித் தடுப்புப் பிரிவிலிருந்து பேசுவதாக ஒருவர் அழைத்தார். என் முழுப்பெயர், அடையாள எண், வீட்டு முகவரி எல்லாவற்றையும் அவரே சொன்னார். என் கணக்கிலிருந்து யாரோ பணம் எடுக்க முயல்வதாகவும், அதைத் தடுக்கக் கைப்பேசிக்கு வரும் எண்களைப் படித்துச் சொல்ல வேண்டும் என்றும் கூறினார். பதற்றத்தில் சொல்லிவிட்டேன். அரை மணி நேரத்துக்குள் நான்கு தடவையாக 86,400 ராண்ட் போய்விட்டது. ‘இரகசிய எண்ணை நீங்களே கொடுத்திருக்கிறீர்கள், எங்களுக்குப் பொறுப்பில்லை’ என்று வங்கி எழுதிவிட்டது. இப்போது நான் வாசல்கூட மிதிக்காத ஒரு துணிக்கடையிலிருந்து, என் பெயரில் 11,200 ராண்ட் கடன் பாக்கி என்று கடிதம் வந்திருக்கிறது. இதற்கிடையில், இழந்த பணத்தை மீட்டுத் தருகிறேன், முன்பணமாக 3,500 ராண்ட் கட்டுங்கள் என்று வேறொருவர் தினமும் அழைக்கிறார். பிள்ளைகளிடம் சொல்ல வெட்கமாக இருக்கிறது. எனக்கு ஏதேனும் வழி உண்டா?

பதில்: வழி உண்டு, அம்மா. வங்கிப் பணமும் துணிக்கடைக் கடனும் உங்களுக்கு ஒரே துயரமாகத் தெரிகின்றன. சட்டத்தில் அவை இரண்டு வேறு விவகாரங்கள். ஒன்றில் உங்கள் கை மிகவும் ஓங்கியிருக்கிறது, மற்றதில் போராட வேண்டியிருக்கும். இரண்டையும் ஒரே கடிதத்தில் கலந்து எழுதினால், பலவீனமான வழக்கு பலமான வழக்கையும் கெடுத்துவிடும். எனவே தனித்தனியாக எழுதுங்கள், தனித்தனிக் கோப்பாக வையுங்கள்.

துணிக்கடையை முதலில் எடுத்துக்கொள்வோம். தொகை சிறியதுதான், ஆனால் கெடு ஓடிக்கொண்டிருப்பது அங்கேதான்.

நீங்கள் கையெழுத்திடாத, நீங்கள் விண்ணப்பிக்காத ஒரு கடன் உங்கள் கடன் ஆகாது. உங்கள் பெயரைச் சொல்லி வேறொருவர் செய்த ஒப்பந்தம் உங்களைக் கட்டுப்படுத்தாது. இதில் சட்டத்துக்குக் குழப்பமே இல்லை. ஆனால் சும்மா இருந்தால் இந்தத் தெளிவான உரிமையும் கைநழுவிப் போகும். வந்திருக்கும் கடிதத்தை மறுபடி எடுத்துப் பாருங்கள். 2005-ஆம் ஆண்டின் தேசியக் கடன் சட்டத்தையும் அதன் 129-ஆம் பிரிவையும் குறிப்பிட்டிருந்தால், அது வழக்குக்கு முந்தைய அறிவிப்பு. அதற்குப் பின் 10 வேலைநாள் கடந்தால் அவர்கள் நீதிமன்றம் போகலாம். மாஜிஸ்ட்ரேட் நீதிமன்றச் சம்மன் கைக்கு வந்துவிட்டால், வழக்கை எதிர்க்கிறேன் என்று தெரிவிக்க 10 நீதிமன்ற நாட்கள்தான் உண்டு. அதைத் தவறவிட்டால் உங்களைக் கேட்காமலே தீர்ப்பு வந்துவிடும். அந்தத் தீர்ப்பை ரத்து செய்ய முடியும் என்றாலும், அதற்குத் தனி மனு, தனிச் செலவு, தனி அலைச்சல்.

கடைக்கு இன்றே எழுத வேண்டியது இதுதான்: இந்தக் கணக்கை நான் திறக்கவில்லை, யாருக்கும் அதிகாரம் அளிக்கவில்லை, இது ஆள்மாறாட்டம், எனவே கடனை மறுக்கிறேன். மின்னஞ்சலில் அனுப்பினால் நாளும் நேரமும் தானே பதிவாகிவிடும். தொலைபேசியில் வசூல்காரர் என்ன சொன்னாலும் ஒரு ராண்ட் கூடக் கட்டாதீர்கள். ‘நல்லெண்ணத்துக்காக 200 ராண்ட் போடுங்கள், வட்டியை நிறுத்துகிறோம்’ என்பார்கள். அந்த 200 ராண்டைக் காட்டியே கடனை நீங்கள் ஒப்புக்கொண்டுவிட்டதாகப் பிறகு வாதிடுவார்கள்.

அதே கடிதத்தில் இன்னொன்றையும் கேளுங்கள். பலருக்கு இது தெரிவதில்லை. தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம், போப்பியா என்று இங்கே எல்லோரும் சொல்வது, தன் 23-ஆம் பிரிவில் ஓர் உரிமையைத் தருகிறது: உங்களைப் பற்றி ஒரு நிறுவனம் என்ன தகவல் வைத்திருக்கிறது என்று நீங்கள் கேட்டுப் பெறலாம். கடன் விண்ணப்பத்தின் நகலைக் கேளுங்கள். எந்தக் கைப்பேசி எண், எந்த மின்னஞ்சல், சரக்கு எந்த முகவரிக்குப் போனது, அடையாள அட்டையின் படம் இணைக்கப்பட்டிருந்தால் அதில் யாருடைய முகம், சம்பளச் சீட்டு கொடுத்திருந்தால் எந்த நிறுவனத்தின் பெயரில். இத்தகைய கோப்புகள் கைக்கு வரும்போது, ஓய்வூதியத்தில் வாழும் மூதாட்டி வேறொரு மாகாணத்தில் முழுநேர வேலை பார்ப்பதாக அதில் எழுதியிருப்பதைக் காணலாம். அந்த ஒரு தாள் போதும், கடையே பின்வாங்கிவிடும்.

இனி 86,400 ராண்ட். இங்கே உங்களுக்கு உண்மையைச் சொல்ல வேண்டும், பொய்யான நம்பிக்கை கொடுக்க எனக்கு மனமில்லை.

வாடிக்கையாளரின் அதிகாரம் இல்லாமல் வங்கி பணம் கொடுத்தால், அதை அவர் கணக்கில் பற்று வைக்க முடியாது என்பதுதான் பொதுவான விதி. ஆனால் கணக்கு தொடங்கும்போது நீங்கள் ஏற்ற நிபந்தனைகளில், இரகசிய எண்ணை யாருக்கும் சொல்லக் கூடாது, சொன்னால் இழப்பு உங்களுடையது என்று இருக்கும். வங்கி பிடித்துக்கொண்டிருப்பது அந்த வரியை. நீதிமன்றங்களும் இப்போது, ஏமாந்தவர் தன்னைக் காத்துக்கொண்டிருக்க முடியுமா என்று கூர்ந்து பார்க்கின்றன. வீடு வாங்கிய ஒரு பெண்மணிக்கு வந்த மின்னஞ்சலில் வங்கிக் கணக்கு எண்ணை மோசடிக்காரர்கள் மாற்றிவிட, அவர் 55 லட்சம் ராண்டை இழந்தார். அந்த வீட்டு விற்பனையைக் கவனித்த சட்ட நிறுவனமே பொறுப்பு என்று 2023-இல் உயர் நீதிமன்றம் சொன்னது. 2024 ஜூனில் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைப் புரட்டிப்போட்டது. கணக்கு எண்ணை அவர் எளிதாகச் சரிபார்த்திருக்கலாம் என்பது அந்தத் தீர்ப்பின் காரணங்களில் ஒன்று. அங்கே எதிர்த்தரப்பு அவருடைய வங்கி அல்ல, ஆகவே உங்கள் வழக்கை அது முடித்துவிடவில்லை. ஆனாலும் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

அப்படியானால் எதைப் பிடித்துப் போராடுவது? உங்கள் கைப்பேசியில் அன்று வந்த குறுஞ்செய்திகளைப் பிடித்து. அவற்றை அழித்துவிடாதீர்கள். ஒவ்வொன்றையும் திறந்து, எண்ணுக்கு மேலும் கீழும் உள்ள சொற்களைப் படியுங்கள். ‘இன்னாருக்கு இத்தனை ராண்ட் செலுத்த’ என்று தெளிவாக இருந்ததா? அல்லது ‘உங்கள் எண் இது’ என்று மட்டும் இருந்ததா? ‘புதிய கைப்பேசியைப் பதிவு செய்ய’ என்று இருந்ததா? எதற்கு ஒப்புதல் என்று சொல்லாமலே வங்கி ஓர் எண்ணை அனுப்பியிருந்தால், இந்தக் கொடுப்பனவுக்கு நீங்கள் அதிகாரம் அளித்தீர்கள் என்று அதனால் எளிதில் சொல்லிவிட முடியாது. நான்கு கொடுப்பனவுக்கு இரண்டே எண்கள் வந்திருந்தால், மற்ற இரண்டும் எப்படி நடந்தன என்று வங்கிதான் விளக்க வேண்டும்.

வங்கியிடம் எழுத்தில் கேளுங்கள்: அன்று என் தினசரி வரம்பு எவ்வளவு, அது உயர்த்தப்பட்டதா, யார் உயர்த்தியது? புதிய கருவி எதுவும் என் கணக்கோடு இணைக்கப்பட்டதா? மாதம் ஒருமுறை மின்கட்டணமும் மளிகையும் மட்டும் செலுத்தும் கணக்கிலிருந்து, இதுவரை பணம் அனுப்பியிராத ஒருவருக்கு அரை மணியில் நான்கு தடவை பணம் போனபோது உங்கள் எச்சரிக்கை அமைப்பு ஏன் விழிக்கவில்லை? நான் புகார் செய்தது எத்தனை மணிக்கு, பணம் போய்ச் சேர்ந்த வங்கிக்கு நீங்கள் தெரிவித்தது எத்தனை மணிக்கு? இந்தக் கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். நீங்கள் தெரிவித்த பிறகும் பணம் மறுமுனையில் கிடந்து, அவர்கள் தாமதித்ததால் எடுக்கப்பட்டிருந்தால், அந்தப் பகுதிக்கு நீங்கள் எண்ணைச் சொன்னதைக் காரணம் காட்டி வங்கி தப்பிக்க முடியாது.

பதில் திருப்தியாக இல்லாவிட்டால், தேசிய நிதிக் குறைதீர்ப்பு அமைப்புக்குப் போங்கள். முன்பு தனித்தனியாக இருந்த குறைதீர்ப்பாளர் அலுவலகங்கள் சில 2024 மார்ச்சில் ஒன்றிணைந்து உருவானது அது. முதலில் வங்கியிடம் முறையிட்டிருக்க வேண்டும் என்பதே நிபந்தனை, அதை நீங்கள் செய்துவிட்டீர்கள். கட்டணம் கிடையாது, வழக்கறிஞரும் தேவையில்லை. உங்களைப் போன்றவருக்கு இதுவே சரியான வாசல் என்பது என் கருத்து. சிறுகோரிக்கை நீதிமன்றத்துக்கு 20,000 ராண்ட் வரைதான் அதிகாரம், உங்கள் தொகை அதைத் தாண்டிவிட்டது. பெரிய நீதிமன்றத்தில் தோற்றால் எதிர்த்தரப்பின் செலவும் உங்கள் தலையில் விழும். வழக்குதான் என்று முடிவானால், மூன்று ஆண்டு காலவரம்பை மறக்காதீர்கள்.

காவல் நிலையத்துக்குப் போகவில்லை என்று நினைக்கிறேன், கடிதத்தில் அதைக் காணவில்லை. நாளைக்கே சாட்ஸ்வொர்த் நிலையத்தில் புகார் கொடுங்கள். பணம் கேப் டவுனில் எடுக்கப்பட்டிருந்தாலும் இங்கேதான் பதிய வேண்டும், ‘அங்கே போங்கள்’ என்று சொன்னால் நகராதீர்கள். நடந்ததை நாள், நேரம், எண் வாரியாக வீட்டிலேயே பிரமாணப் பத்திரமாக எழுதிக்கொண்டு போனால், அங்கேயே உறுதிமொழி எடுத்துக் கையெழுத்திடலாம். வங்கிக்கு ஒன்று, துணிக்கடைக்கு ஒன்று. வழக்கு எண்ணைக் கேட்டு வாங்காமல் திரும்பாதீர்கள், அடுத்து எங்கே போனாலும் அதைத்தான் கேட்பார்கள்.

அந்த எண்ணோடு தென்னாப்பிரிக்க மோசடித் தடுப்புச் சேவையில் உங்கள் பெயரைப் பதியுங்கள். உங்கள் அடையாள எண்ணில் யாராவது கடன் கேட்டால், அதில் உறுப்பினராக உள்ள வங்கிகளுக்கும் கடைகளுக்கும் எச்சரிக்கை போகும். இதுவும் இலவசம். பிறகு டிரான்ஸ்யூனியன், எக்ஸ்பீரியன், எக்ஸ்.டி.எஸ். ஆகிய கடன் தகவல் நிறுவனங்களிடம் உங்கள் அறிக்கையைக் கேளுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை இலவசமாகத் தர வேண்டியது அவர்கள் கடமை. துணிக்கடை ஒன்றோடு நின்றிருக்கும் என்று நான் நம்பவில்லை. தெரியாத பெயர் எது இருந்தாலும் உடனே ஆட்சேபம் எழுதுங்கள், 20 வேலைநாளுக்குள் விசாரித்தாக வேண்டும்.

‘என் அடையாள எண் அவனுக்கு எப்படித் தெரிந்தது?’ இந்தக் கேள்வி உங்கள் கடிதம் முழுக்க ஒளிந்திருக்கிறது. அது தெரிந்திருந்ததால்தான் நீங்கள் நம்பினீர்கள். அந்த 13 இலக்கங்களைப் பாருங்கள். முதல் ஆறு, பிறந்த ஆண்டு, மாதம், நாள். அடுத்த நான்கு 5000-க்குக் கீழே இருந்தால் பெண். கடைசி இலக்கம் மற்றவற்றிலிருந்து கணக்குப் போட்டு வருவது. உங்கள் பிறந்த நாளுக்கு வாட்ஸ்அப்பில் வாழ்த்துப் போட்டவருக்கே பாதி எண் தெரியும். மீதியை, அங்காடி வாசலில் இறுதிச் சடங்குக் காப்பீடு விற்கும் மேசையிலும், குலுக்கல் சீட்டிலும், குடியிருப்பு வாயிலில் காவலாளி நீட்டும் ஏட்டிலும் நாமே எழுதிக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். அது போதாதென்று, 2020 ஆகஸ்டில் எக்ஸ்பீரியன் நிறுவனமே, வாடிக்கையாளர் போல நடித்த ஒருவரிடம் சுமார் 2 கோடியே 40 லட்சம் பேரின் விவரங்களைக் கொடுத்துவிட்டதாக அறிவிக்க வேண்டிவந்தது. ஆகவே உங்கள் எண்ணைச் சொல்கிறவர் வங்கிக்காரர் என்பதற்கு அது சான்றே ஆகாது. இனி அப்படி யார் அழைத்தாலும் துண்டித்துவிட்டு, அட்டையின் பின்புறம் அச்சிட்ட எண்ணுக்கு நீங்களே அழையுங்கள். கைப்பேசிக்கு வந்த இரகசிய எண்ணை வாய்விட்டுப் படிக்கச் சொல்லும் உண்மையான வங்கி அலுவலர் கிடையாது.

குலுக்கல் சீட்டில் அடையாள எண் கேட்டால், எதற்கு என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. நோக்கத்துக்குத் தேவையானதை மட்டுமே திரட்ட வேண்டும் என்கிறது போப்பியா. உங்கள் தகவலைக் கசியவிட்டது யார் என்று நிரூபிக்க முடிந்தால், 99-ஆம் பிரிவின்படி இழப்பீடும் கேட்கலாம், அவர்களுடைய கவனக்குறைவைத் தனியாக நிரூபிக்கத் தேவையில்லை. நிரூபிப்பதுதான் கடினம், எண் இத்தனை இடத்தில் கிடக்கும்போது. தகவல் ஒழுங்குமுறை ஆணையத்திடம் இலவசமாகப் புகார் செய்யலாம். 2023 ஜூலையில் அது அரசின் நீதி அமைச்சகத்துக்கே 50 லட்சம் ராண்ட் அபராதம் விதித்தது. அபராதப் பணம் உங்கள் கைக்கு வராது என்றாலும், கடை விண்ணப்ப நகலைத் தர மறுத்தால் அந்த ஆணையத்தின் பெயரைச் சொல்லுங்கள்.

பிள்ளைகளிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள், அம்மா. இதை ஒரு வழக்கறிஞராகவே சொல்கிறேன். வெள்ளிக்கிழமை இரவே மகனோ மகளோ வங்கியை அழைத்திருந்தால், பணத்தில் கொஞ்சமாவது மறுமுனையில் தடுக்கப்பட்டிருக்கக்கூடும். வெட்கப்பட வேண்டியவன் திருடன். மேலே சொன்ன கடிதங்களை எழுத, மின்னஞ்சல் அனுப்ப, நிலையத்துக்கு உடன்வர ஆள் வேண்டும்.

பணத்தை மீட்டுத் தருகிறேன் என்று அழைப்பவர் இரண்டாவது திருடர். ஏமாந்தவர்களின் பட்டியல் கைமாறுகிறது, ஒருமுறை கொடுத்தவர் மறுமுறையும் கொடுப்பார் என்பதே அவர்கள் கணக்கு. காவல்துறை, குறைதீர்ப்பு அமைப்பு, ஆணையம் எதுவும் முன்பணம் கேட்பதில்லை. அந்த 3,500 ராண்டைக் கட்டாதீர்கள், அவரோடு வாதாடவும் வேண்டாம். அவர் அழைத்த எண், நாள், நேரம், பணம் போடச் சொன்ன கணக்கு எண் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு, உங்கள் வழக்கை விசாரிக்கும் அதிகாரியிடம் கொடுங்கள். அந்தக் கணக்கு ஒருவேளை முதல் திருட்டில் பணம் போன அதே கணக்காக இருக்கலாம்.