பைபிள் முரண்பாடுகள்: எது தீரும், எது தீராது? (கேள்வி பதில்)

கேள்வி: ஐயா, பைபிளில் முரண்பாடு இருக்கிறதா, இல்லையா? சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள்.

பதில்: இருக்கிறது. பெரும்பாலானவை தீரும், சில தீராது. சிக்கல் என்னவென்றால், பிரதி எடுத்தவரின் கைப்பிழை, ஆண்டுகளை எண்ணும் முறையில் உள்ள வித்தியாசம், இரண்டு ஆசிரியர்களின் நோக்கு வேறுபாடு, உண்மையாகவே பொருந்தாத இரண்டு தகவல்கள் எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கட்டி 'முரண்பாடு' என்று பெயர் வைத்துவிடுகிறோம். மூட்டையைப் பிரித்தால்தான் எதற்கு எந்தப் பதில் என்று தெரியும்.

கேள்வி: யூதாவின் அகசியா ராஜாவானபோது வயது 22 என்கிறது 2 இராஜாக்கள் 8:26. 2 நாளாகமம் 22:2-இல் 42. இதற்கு என்ன சொல்வீர்கள்?

பதில்: 42 தவறு. அதை நாளாகமமே காட்டிக்கொடுக்கிறது. ஒரு பக்கம் முன்னால் போய் 21:20-ஐப் பாருங்கள். அகசியாவின் தகப்பன் யோராம் 32 வயதில் ராஜாவாகி, எட்டு வருஷம் ஆண்டு, இறந்தான். அதாவது 40 வயதில் மரணம். அவன் இறந்ததும் மகனுக்கு 42 என்றால் மகன் தகப்பனைவிட இரண்டு வயது மூத்தவன் ஆகிவிடுவான்! சீரியாக் மொழிபெயர்ப்பிலும் கிரேக்கப் பிரதிகள் சிலவற்றிலும் இந்த இடத்தில் 22 என்றே இருக்கிறது.

இதற்கு ஒரு விளக்கம் சுற்றிவருகிறது: எபிரெய எழுத்துகளை எண்ணாகப் பயன்படுத்தியபோது 20-க்கான எழுத்தும் 40-க்கான எழுத்தும் மாறிவிட்டன என்று. அது ஊகம்தான். கைக்குக் கிடைத்திருக்கும் எபிரெய வேதாகமப் பிரதிகளில் எண்களைச் சொற்களாகவே எழுதியிருக்கிறார்கள். பிழை எப்படி நுழைந்தது என்று நிரூபிக்க வேண்டிய அவசியமும் இல்லை, நுழைந்தது என்பதற்குக் கணக்கே சாட்சி. '42 என்பது ராஜவம்சத்தின் வயது' என்று சிலர் சொல்லும் சமாளிப்பை மட்டும் தயவுசெய்து மேடையில் சொல்லாதீர்கள். வசனத்தில் 'வம்சம்' என்ற சொல்லே கிடையாது.

கேள்வி: அப்படியானால் இடிக்கிற எண்ணையெல்லாம் 'எழுதியவன் பிழை' என்று தள்ளிவிடலாமே? ரொம்ப வசதியாக இருக்கிறதே, சார்!

பதில்: தள்ள முடியாது. ஆதாரம் வேண்டும்: ஒன்று, வேறு பிரதிகளில் வேறு வாசிப்பு இருக்க வேண்டும், அல்லது அந்தப் புத்தகத்தின் கணக்கே இடிக்க வேண்டும். கோலியாத்தின் உயரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வழக்கமான எபிரெயப் பாடத்தில் ஆறு முழமும் ஒரு சாணும். சவக்கடலோரம் கும்ரானில் கிடைத்த சாமுவேல் சுருளிலும் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பிலும் நான்கு முழமும் ஒரு சாணும். இங்கே பாட வேறுபாடு (பிரதிக்குப் பிரதி வாசிப்பு மாறுவது) என்று தைரியமாகச் சொல்லலாம்.

தாவீதின் குடிமதிப்பு (ஜனத்தொகைக் கணக்கெடுப்பு) அப்படியல்ல. 2 சாமுவேல் 24:9-இல் இஸ்ரவேலர் 8 லட்சம், யூதா 5 லட்சம். 1 நாளாகமம் 21:5-இல் 11 லட்சமும் 4,70,000-உம். லேவி, பென்யமீன் கோத்திரங்களை எண்ணவில்லை என்று நாளாகமம் அடுத்த வசனத்தில் சொல்கிறது. ஆனால் அதனால் எண் குறையத்தானே வேண்டும்? இஸ்ரவேல் கணக்கு மூன்று லட்சம் கூடியதை அது விளக்காது. நிற்கும் படையைச் சேர்த்துக்கொண்டார்கள் என்பது சாத்தியம். வசனத்தில் அது இல்லை. இதைத் தீர்ந்தது என்று நான் எழுத மாட்டேன்.

கேள்வி: கோலியாத்தைக் கொன்றது தாவீதா, எல்க்கானானா?

பதில்: 1 சாமுவேல் 17-இல் தாவீது. 2 சாமுவேல் 21:19-இன் எபிரெயத்தில் எல்க்கானான். 1 நாளாகமம் 20:5-இல் எல்க்கானான் கொன்றது கோலியாத்தின் சகோதரன் லாகேமியை. சில மொழிபெயர்ப்புகள் சாமுவேலிலும் 'சகோதரன்' என்று சேர்த்துவிடுவதால் பலருக்கு இந்தச் சிக்கல் கண்ணிலேயே படுவதில்லை.

2 சாமுவேல் 21:19 சேதமான வசனம் என்பதற்கு உள்ளேயே தடயம் இருக்கிறது. எல்க்கானானின் தகப்பன் பெயர் அங்கே 'யாரே ஓரெகிம்' என்று வருகிறது. 'ஓரெகிம்' என்றால் நெசவாளர்கள். அதே வசனத்தின் கடைசியில் 'நெசவாளர்களின் படைமரம்' என்ற தொடரில் அந்தச் சொல் மறுபடியும் வருகிறது. பிரதி எடுத்தவரின் கண் கீழே தாவி, அங்கிருந்த சொல்லை மேலே ஏற்றிவிட்டது. நாளாகமத்தில் அந்த ஒட்டுச்சொல் இல்லை, வெறும் 'யாவீர்'தான். அதுபோல 'பெத்லெகேமியன்' என்பதற்கான எபிரெயத் தொடரும் 'லாகேமியை' என்பதும் எழுத்தில் மிக நெருக்கம். ஆகவே நாளாகமம் பழைய வாசிப்பைக் காத்துவைத்திருக்கிறது என்பது ஒரு கட்சி. நாளாகமத்தை எழுதியவரே சிக்கலைப் பார்த்துச் சரிசெய்துவிட்டார் என்பது எதிர்க்கட்சி, அதில் அறிஞர்கள் நிறைய. சாமுவேல் வசனம் கெட்டிருக்கிறது என்பதுவரை உறுதி. அதற்கு மேல் வழக்கு நிலுவையில்.

கேள்வி: ராஜாக்களின் ஆண்டுக்கணக்கு ஏன் ஒன்றிரண்டு வருஷம் இடித்துக்கொண்டே இருக்கிறது?

பதில்: முதலில் ஒரே புத்தகத்துக்குள் இருக்கும் இடிபாட்டைப் பாருங்கள். அகசியா யூதாவில் ராஜாவானது இஸ்ரவேலின் ராஜா யோராமுடைய (தகப்பன் யோராம் அல்ல, அதே பெயருள்ள வேறொருவன்) 12-ஆம் வருஷம் என்கிறது 2 இராஜாக்கள் 8:25. 11-ஆம் வருஷம் என்கிறது 9:29. பட்டம் ஏறிய வருஷத்தில் மிச்சமிருந்த மாதங்களை 'முதல் வருஷம்' என்று எண்ணுவது ஒரு முறை. அதை விட்டுவிட்டு அடுத்த புத்தாண்டிலிருந்து முதல் வருஷத்தைத் தொடங்குவது இன்னொரு முறை. முதல் முறையில் 12 என்றால் இரண்டாவதில் 11. தகப்பன் உயிரோடிருக்கும்போதே மகனும் சேர்ந்து ஆண்ட காலங்களையும் சேர்த்துக்கொண்டால் பெரிய இடிபாடுகளும் அடங்கும். 2 இராஜாக்கள் 1:17-க்கும் 3:1-க்கும் உள்ள வேறுபாடு அப்படிப்பட்டது. வேதாகம அறிஞர் எட்வின் தீலி 20-ஆம் நூற்றாண்டில் இதை வைத்தே ராஜாக்களின் காலவரிசையைக் கட்டினார். எச்சரிக்கை ஒன்று: சேர்ந்து ஆண்டதற்கு வசனக் குறிப்பு இருக்கிற இடத்தில் (8:16 போல) இந்தச் சாவியைப் போடுங்கள். எல்லாப் பூட்டிலும் நுழைத்தால் அது கள்ளச்சாவி.

கேள்வி: பிரதர், யூதாஸ் நான்றுகொண்டு செத்தானா, விழுந்து வயிறு வெடித்துச் செத்தானா?

பதில்: மத்தேயு 27:5, அப்போஸ்தலர் 1:18. இங்கே வேறுபாடு மூன்று, ஆனால் எல்லாரும் முதலாவதை மட்டும் பேசுவார்கள். சாவு: தூக்கில் தொங்கி, பின் விழுந்தான் என்று இணைக்கலாம், பழங்காலத்திலேயே சொன்ன விளக்கம்தான். நிலத்தை வாங்கியது யார்: மத்தேயுவில் ஆசாரியர்கள், அப்போஸ்தலரில் அவனே. அவன் பணத்தில் வாங்கியதை அவன் வாங்கியதாகச் சொல்வது வழக்கில் உண்டு, ஒப்புக்கொள்ளலாம். மூன்றாவது, 'இரத்தநிலம்' என்ற பெயர் ஏன் வந்தது. மத்தேயுவில் அது இரத்தக்கிரயத்தில், அதாவது இயேசுவைக் காட்டிக்கொடுத்ததற்குக் கிடைத்த பணத்தில், வாங்கியதால். அப்போஸ்தலரில் அவன் குடல் சரிந்து செத்தது எருசலேமில் எல்லாருக்கும் தெரியவந்ததால். தனித்தனியாக இணைக்க முடிகிறது. மூன்றையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால், ஒரே சாவைப் பற்றிய இரண்டு மரபுகள் என்று படிப்பதே எனக்கு இயல்பாகப் படுகிறது.

கேள்வி: தமஸ்குவுக்குப் போகும் வழியில் பவுலோடு இயேசு பேசியபோது, கூடப் போனவர்கள் சத்தத்தைக் கேட்டார்கள் (அப். 9:7), கேட்கவில்லை (22:9). கிரேக்க இலக்கணத்தில் தீர்ந்துவிடும் என்று படித்தேன்.

பதில்: பாதிதான் தீரும். 'கேள்' என்ற கிரேக்க வினை ஒரு வேற்றுமையோடு வந்தால் ஒலி காதில் விழுவது, இன்னொரு வேற்றுமையோடு வந்தால் பொருள் புரிவது என்பது அந்த வாதம். 9:7-இலும் 22:9-இலும் வேற்றுமை மாறுவது உண்மை. ஆனால் பவுல் தாம் கேட்டதைச் சொல்லும் 9:4-இலும் 22:7-இலும் அதே வேற்றுமைகள் இடம் மாறி வருகின்றன, இரண்டிலும் பவுலுக்குப் புரிந்தேயிருக்கிறது. ஆக இலக்கண விதி நிற்காது. வினைக்கு 'புரிந்துகொள்' என்ற பொருளும் உண்டு என்பது மட்டும் நிற்கும். தமிழிலும் 'அவன் சொல் கேட்கவில்லை' என்றால் காது செவிடு என்றா அர்த்தம்? வாதத்தை அந்த அளவோடு நிறுத்துங்கள்.

கேள்வி: உங்கள் கணக்கில் தீராதவை எவை?

பதில்: இரண்டைச் சொல்கிறேன்.

முதலாவது, சிரேனியுவின் குடிமதிப்பு (லூக்கா 2:2). ரோம ஆளுநர் சிரேனியு சீரியாவை ஆண்டபோது எடுத்த குடிமதிப்பின்போது இயேசு பிறந்தார் என்கிறார் லூக்கா. இயேசு பிறந்தது ஏரோதின் காலத்தில் என்கிறார் மத்தேயு, ஏரோது இறந்தது பெரும்பாலோர் ஏற்கும் கணக்கில் கி.மு. 4. யூத வரலாற்றாசிரியர் யோசேப்பஸ் சொல்லும் சிரேனியுவின் குடிமதிப்பு கி.பி. 6. இடைவெளி ஏறக்குறைய பத்து வருஷம். 'சிரேனியு முன்பும் ஒருமுறை சீரியாவை ஆண்டார்' என்பதற்கு நேரடிச் சான்று கிடையாது. ஏரோதின் கடைசி வருஷங்களில் அங்கே ஆளுநர்களாக இருந்தவர்கள் சட்டர்னினுஸும் வாருஸும். 'சிரேனியுவுக்கு முந்தைய குடிமதிப்பு' என்று மொழிபெயர்ப்பது இலக்கணப்படி முடியாததல்ல, ஆனால் கிரேக்கத்தை வளைக்க வேண்டும்.

இரண்டாவது, சிலுவையின் நேரம். மாற்கு 15:25-இல் மூன்றாம் மணி, காலை ஒன்பது. யோவான் 19:14-இல் ஏறக்குறைய ஆறாம் மணிக்கும் (நண்பகல்) ரோம ஆளுநர் பிலாத்து இன்னும் தீர்ப்பு சொல்லி முடிக்கவில்லை. யோவான் நள்ளிரவிலிருந்து எண்ணினார் என்பார்கள். அதே யோவான் 11:9-இல் பகலுக்குப் பன்னிரண்டு மணி நேரம் என்கிறார், அது சூரிய உதயக் கணக்கு. இந்த இடிபாடு பழைய பிரதியாளர்களையும் உறுத்தியிருக்கிறது: சில பிரதிகளில் யோவானின் 'ஆறாம்' என்பது 'மூன்றாம்' ஆகியிருக்கிறது. நாளும் இடிக்கிறது. மாற்கு 14:12-இன்படி கடைசி இராப்போஜனம் பஸ்கா விருந்து (ஆட்டுக்குட்டியை அடித்துப் புசிக்கும் யூதப் பண்டிகை). யோவான் 18:28-இல் மறுநாள் காலையிலும் பஸ்காவை இன்னும் புசிக்கவில்லை. ஆட்டுக்குட்டி அடிக்கும் நாளில் இயேசு மரிப்பது யோவானுக்கு முக்கியம் என்று விளக்கலாம். விளக்குவது வேறு, இணைப்பது வேறு.

கேள்வி: கல்லறைக்குப் போன பெண்கள் எத்தனை பேர், தூதர்கள் எத்தனை பேர்?

பதில்: பெண்களின் எண்ணிக்கை சுலபம். யோவான் மகதலேனா மரியாளை மட்டும் சொல்கிறார். ஆனால் அடுத்த வசனத்தில் அவள் வாயிலேயே 'அறியோம்' என்ற பன்மை வந்துவிடுகிறது. ஒருவரைச் சொன்னால் மற்றவர் இல்லை என்றாகாது. தூதர் ஒருவரா இருவரா என்பதற்கும் அதே பதில். ஆனால் இணைப்பதற்கு ஓர் எல்லை வேண்டும். நான்கு சுவிசேஷங்களையும் பொருத்த, பேதுரு இயேசுவை ஆறு முறை 'அறியேன்' என்று மறுதலித்தார் என்று எழுதியவர்கள்கூட உண்டு. நான்கு பேருமே மூன்று என்கிறார்கள். நான்கையும் காப்பாற்றப் போய் நான்கும் சொல்லாத ஐந்தாவது சுவிசேஷத்தை எழுதுவது இதுதான்.

கேள்வி: வாலிபர் கூட்டத்தில் இதைப் பற்றிப் பேச வேண்டும், ஐயா. எப்படித் தயாராவது?

பதில்: வசனத்தை மட்டும் எடுக்காமல் இரண்டு அதிகாரங்களையும் முழுதாக வாசியுங்கள். தாளை இரண்டு பத்தியாகப் பிரித்து யார், எப்போது, எங்கே, எத்தனை என்று எதிரெதிரே எழுதுங்கள். வசனத்தில் இல்லாததை எழுதினால் வேறு நிற மையில் எழுதுங்கள். பிறகு அடிக்குறிப்புள்ள இரண்டு மொழிபெயர்ப்புகளைப் பார்த்து, வேறு பாடம் உண்டா என்று குறியுங்கள். கடைசியில் தாளைப் பாருங்கள்: உங்கள் விளக்கம் முழுக்க அந்த வேறு நிற மையில் தொங்கினால், 'இது சாத்தியம்' என்று சொல்லுங்கள், 'இதுதான் பதில்' என்று சொல்லாதீர்கள். ஒரு கூட்டத்துக்கு மூன்று உதாரணம் போதும், அதில் ஒன்று தீராததாக இருக்கட்டும்.

கேள்வி: நீதிமொழிகள் 26:4 மூடனுக்குப் பதில் சொல்லாதே என்கிறது, 26:5 பதில் சொல் என்கிறது. இதையும் பட்டியலில் சேர்க்கலாமா?

பதில்: வேண்டாம். அடுத்தடுத்த வசனங்கள். தொகுத்தவர் வேண்டுமென்றே பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்திருக்கிறார்.