காணியும் கடதாசியும்

மதிப்பிற்குரிய ஐயா,

காணி உச்சவரம்பு பற்றிய உங்கள் கட்டுரையை வாசித்தேன். 1972 இல் இலங்கையில் 50 ஏக்கருக்கு மேற்பட்ட காணிகளை அரசு பொறுப்பேற்றது ஏழை விவசாயிக்குக் கிடைத்த நீதி என்று எழுதியிருந்தீர்கள். நான் இரணைமடுக் குளத்தின் கீழுள்ள குடியேற்றக் கிராமமொன்றில் பிறந்தவள். எங்கள் ஊரில் 50 ஏக்கர் வைத்திருந்த ஒருவரையும் நான் கண்டதில்லை. அப்பாவுக்கு அரசு அனுமதிப்பத்திரத்தில் பயிரிடக் கொடுத்த மூன்று ஏக்கர் பெர்மிட் காணி உண்டு, கடனும் உண்டு. பெர்மிட் காணிகளுக்கு முழு உரித்துடன் உறுதிப் பத்திரம் கொடுத்தால் ஏழைகள் இரண்டு போகத்துக்குள் விற்றுவிடுவார்கள் என்கிறார்களே, நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? அப்பாவுக்குப் பிறகு காணி அண்ணனுக்குத்தான் என்று ஊரில் சொல்வது உண்மையா? வயலில் இறங்குவது நான்தான்.

ஒரு வாசகி, கிளிநொச்சி

அன்புள்ள சகோதரிக்கு,

நீதி என்ற சொல்லை நான் ஆராயாமல் எழுதிவிட்டேன். யாரிடமிருந்து எடுத்தார்கள் என்பதை மட்டும் பார்த்தேன். யாருக்குக் கொடுத்தார்கள் என்று பார்க்கவில்லை.

1971 இல் ஜே.வி.பி. இளைஞர்கள் நடத்திய கிளர்ச்சிக்குப் பின் வந்த அந்தச் சட்டம் ஒருவர் வைத்திருக்கக்கூடிய காணியை 50 ஏக்கராகவும், நெற்காணியாயின் 25 ஏக்கராகவும் மட்டுப்படுத்தியது. பதினெட்டு வயது நிரம்பிய பிள்ளைகளுக்குக் காணியை மாற்றிக் கொடுக்கவும் அதே சட்டம் வழிவிட்டது. 1975 இல் கம்பனித் தோட்டங்களும் சேர்ந்தபோது ஏறத்தாழ 10 இலட்சம் ஏக்கர் அரசின் கைக்கு வந்தது. ஆனால் அதில் நெற்காணி சொற்பம். தேயிலை, இறப்பர், தென்னைக் காணிகளின் பெரும்பகுதி அரச கூட்டுத்தாபனங்களிடம் போக, காணியற்றவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டது சிறு பகுதிதான். தலைமுறை தலைமுறையாக அந்த மண்ணில் கொழுந்து பறித்த மலையகத் தமிழர்கள் அந்தக் கணக்கிலேயே இல்லை. 1948 இல் குடியுரிமை பறிக்கப்பட்டவர்களை யார் காணியற்ற விவசாயி என்று எண்ணுவது? 1977 மே மாதத்தில், நுவரெலியா மாவட்டத்தில் 7,000 ஏக்கர் தோட்டக் காணியை வெளியாருக்குப் பிரித்துக் கொடுக்கும் முயற்சியை எதிர்த்துத் தொழிலாளர்கள் திரண்டபோது, டெவன் தோட்டத்தில் சிவனு லெட்சுமணன் பொலிஸாரின் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தார். அவர்களைப் பொறுத்தவரை காணிச் சீர்திருத்தம் என்பது காலடியில் இருந்த மண்ணையும் இழக்கும் அச்சமாகவே வந்தது.

அந்த ஆண்டுகளில் பசியாலும் வன்செயலாலும் மலையகத்தை விட்டுப் புறப்பட்ட பல குடும்பங்கள் வன்னிக்கு வந்தன. உங்கள் ஊரிலும் இருப்பார்கள். என் பெரியப்பாவுக்கு மத்தியதர வகுப்பினருக்கு அரச காணி வழங்கும் திட்டத்தில் கிடைத்த காணி வன்னியில் இருக்கிறது. அவர் அங்கே ஒரு போகம்கூடத் தங்கி விதைத்தவரல்லர். அப்படி வந்த குடும்பமொன்றுதான் காட்டை வெட்டி, கிணறு கட்டி, நாற்பது வருடங்களுக்கு மேலாக அதைச் செய்கிறது. கடதாசி வெள்ளவத்தையில் எங்கள் வீட்டு அலுமாரியில் கிடக்கிறது.

சில வருடங்களுக்கு முன் அங்கே போயிருந்தேன். அந்த வீட்டு அம்மா ஒரு பிஸ்கட் டின்னைத் திறந்து, பெரியப்பா கையெழுத்திட்ட பழைய குத்தகைத் துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பாயில் பரப்பினார். சிலவற்றில் மை முழுதாக அழிந்திருந்தது. பிறகு என்னை வெளியே அழைத்துப்போய்த் தென்னைகளைக் காட்டி, "இது மூத்தவள் பிறந்த வருசம் வைச்சது, இது நாங்க இடம்பெயர்ந்து திரும்பி வந்து வைச்சது" என்று சொல்லிக்கொண்டே நடந்தார். அவரிடம் இருந்த அத்தாட்சி அவ்வளவுதான். உர மானியத்துக்குப் போனாலும், வெள்ளத்தில் பயிர் அழிந்து நட்டஈடு கேட்டாலும், முதலில் கேட்பது காணி யாருடைய பெயரில் என்பதையே.

வாய்ப்பேச்சுக் குத்தகையில் இருப்பவரைக் காப்பாற்றச் சட்டம் முயலாமல் இல்லை. அன்றைய விவசாய அமைச்சர் பிலிப் குணவர்தன கொண்டுவந்த 1958 நெற்காணிச் சட்டம் குத்தகையை விளைச்சலின் நாலிலொரு பங்குக்கு மேற்படாமல் கட்டுப்படுத்தி, குத்தகைக்காரரை நினைத்தபடி எழுப்ப முடியாது என்றது. அமைச்சரவைக்குள்ளேயே எதிர்ப்பு எழுந்து சட்டம் நலிந்தது. பல இடங்களில் உரிமையாளர்கள் முந்திக்கொண்டு குத்தகைக்காரரை எழுப்பிவிட்டார்கள். தான்தான் அந்த வயலைச் செய்தேன் என்று காட்ட எழுத்து இல்லாதவர்களே முதலில் எழும்பினார்கள்.

உறுதி கொடுத்தால் விற்றுவிடுவார்களா என்று கேட்டீர்கள். பெர்மிட் காணியை நினைத்தபடி விற்க முடியாது என்ற விதி காணியைக் காப்பாற்றிவிட்டதா என்று நான் திருப்பிக் கேட்கிறேன். எழுதாத ஈடும், ஐந்து வருடக் காசை முன்னதாக வாங்கிக்கொண்டு வயலைக் கொடுப்பதும் எந்தக் குடியேற்றத்தில் இல்லை? பெர்மிட்டில் தன் பெயர் இருக்க, தன் வயலிலேயே நாட்கூலிக்கு நிற்பவரை நான் கண்டிருக்கிறேன். காலபோக அறுவடை நாளில் வெட்டு மெஷின் வரம்பைத் தாண்டுவதற்கு முன்பே வியாபாரியின் லொறி வந்து நிற்கிறது. விதைநெல், உரம், மருந்து, உழவு எல்லாம் வியாபாரியின் கடன் கொப்பியில் முன்னரே ஏறியிருக்கும். ஈரம் என்று நிறையில் ஒரு வெட்டு. காய வைக்கக் களமும், பிடித்து வைக்க இரண்டு மாத அவகாசமும் அவரிடம் இல்லை. காணி கைமாறுவது அந்த வரம்பில்தான். ஆகவே உறுதி கொடுக்க வேண்டும் என்பதே என் நிலைப்பாடு. ஆனால் உரிய நாளில் நெல்லை வாங்கும் அரசும், குறைந்த வட்டியில் கடன் தரும் சங்கமும், வாய்க்காலின் கடைசி வயலுக்கும் தண்ணீரும் கூடவே வராவிட்டால், உறுதியும் அடகுக்கடைக்குப் போகும் இன்னொரு நகையாகிவிடும். பெர்மிட்கூட இல்லாமல் உழுகிறவர்களின் பெயர்களை முதலில் பதிய வேண்டும். இல்லையென்றால் எங்கள் அலுமாரிக் கடதாசிக்கே முழு உரித்து வந்து சேரும்.

அந்தக் காணியை அந்தக் குடும்பத்துக்கே கொடுக்க வேண்டும் என்று பெரியப்பாவின் பிள்ளைகளிடம் சொன்னேன். இருவர் சம்மதித்துவிட்டார்கள். கனடாவிலுள்ளவர் யோசித்துச் சொல்வதாகச் சொல்லி வருடமொன்று கடந்துவிட்டது. நான் கேட்பதை நிறுத்தவில்லை.

உங்கள் கடைசிக் கேள்விக்கு வருகிறேன். பெர்மிட் காணிகளை ஆளும் 1935 காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்படி, அடுத்து காணியைப் பெறும் பின்னுரித்தாளர் நியமிக்கப்படாதவிடத்து மகளுக்கு முன் மகனே வந்தார். 2022 இல் செய்த திருத்தம் அந்த ஆண் முன்னுரிமையை நீக்கியது. ஊரில் இன்னும் பழைய கதையையே சொல்கிறார்கள். அதைவிட முக்கியமானது, அப்பா உயிரோடு இருக்கும்போதே தான் விரும்பும் பிள்ளையைப் பின்னுரித்தாளராக நியமிக்கலாம். அண்ணனையும் உட்காரவைத்துப் பேசுங்கள். அப்பா முன்பு யாரையாவது நியமித்துப் பதிவு செய்திருக்கிறாரா என்று பிரதேச செயலகத்தின் காணிப் பிரிவில் கேட்டு, பெர்மிட்டின் மூலப்பிரதியுடன் அவரை ஒருநாள் நேரில் கூட்டிச் செல்லுங்கள். சிறுபோக விதைப்பைத் தீர்மானிக்கும் கூட்டத்துக்கு முன்னரே இதைச் செய்துவிடுங்கள். விதைப்புத் தொடங்கினால் உங்களுக்கு நேரம் கிடைக்காது.

அன்புடன்,
கொழும்பிலிருந்து