சின்ன டிராக்டரை வைத்தே சீமைக்கருவேலத்தை அழிக்க முடியுமா?

ராமநாதபுரம் பக்கம் இரண்டு ஏக்கர், பல வருடத் தரிசு, முழுக்கச் சீமைக்கருவேலம். 24 ஹெச்பி டிராக்டர் இருக்கிறது, நானே சுத்தம் செய்யலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

பாதி வேலையைச் செய்யலாம். மணிக்கட்டுப் பருமன் வரை உள்ள கன்றுகளைச் சங்கிலி கட்டி இழுக்கலாம், அதுவும் மழை பெய்து மண் இளகியிருக்கும்போது. தொடைப் பருமன் மரங்களுக்கு ஜேசிபியைக் கூப்பிட்டுவிடுங்கள். அங்கே வீம்பு பிடித்தால் கிளட்ச்தான் போகும்.

சங்கிலியைப் பின்னால் கீழே இருக்கும் இழுவைக் கம்பியில் மட்டுமே மாட்ட வேண்டும். மேலே டாப் லிங்க்கில் (கலப்பையை மேல்பக்கம் பிடிக்கும் கம்பி) மாட்டி இழுத்தால் முன்சக்கரம் தூக்கி, கண்ணிமைக்கும் நேரத்தில் வண்டி உங்கள் மேலேயே மல்லாந்துவிடும். ஆள் செத்துப்போகிற தவறு இது.

தரையோடு வெட்டிவிட்டு வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். மண்ணுக்குள் இருக்கும் வேர்க்கழுத்திலிருந்து மறுபடி தழைக்கும், ஒரு தண்டு இருந்த இடத்தில் நாலைந்து தண்டு வரும். ஒரு அடி ஆழம் தோண்டி வேரோடு எடுங்கள். கட்டை, வேரையெல்லாம் பொறுக்கிய பிறகு கொத்துக் கலப்பை ஓட்டுங்கள். மண்ணைப் பொடியாக்கும் சுழல் கலப்பையான ரோட்டவேட்டர் கடைசியில்தான்; கட்டை கிடக்கும்போது விட்டால் கத்தி உடையும்.

முள்ளால் டயர் பஞ்சராகும், அதைத் தவிர்க்கவே முடியாது. புதருக்குள் பாழுங்கிணறு இருக்கிறதா என்று முதலில் நடந்து பாருங்கள், காலில் கெட்டியான பூட்ஸோடு. விறகை வீணாக எரிக்காதீர்கள், கரிமூட்டம் போடுகிறவர்கள் விலைக்கு எடுப்பார்கள்.

அடுத்த மழைக்கு விதை முளைக்கும். காய் தின்ற ஆடுமாடுகளின் சாணத்திலிருந்தும் வரும். முளை சின்னதாக இருக்கும்போதே உழுதுவிடுங்கள்.