மேனேஜரிடம் என் நிலையை எப்படிக் கேட்பது?

மூன்று வருடமாக ஒரே பொறுப்பு, வேலையில் எங்கே நிற்கிறேன் என்று தெரியவில்லை என்கிறீர்கள். சரி, அடுத்த பதவிக்கு நிறுவனம் எழுதி வைத்திருக்கும் எதிர்பார்ப்புகளை எடுத்து, ஒவ்வொரு வரிக்கும் எதிரே நீங்கள் செய்த ஒரு வேலையை எழுதுங்கள். ‘நன்றாக உழைத்தேன்’ உதவாது. ‘இரண்டு நாள் பிடித்த மாத அறிக்கை இப்போது மூன்று மணி நேரத்தில் முடிகிறது’ என்பது எடுபடும். காலியாக நிற்கும் வரிகள்தான் உங்கள் உண்மை நிலை. கொஞ்சம் வலிக்கும்.

அப்புறம் மேனேஜரிடம் தனியாகப் பேச அரை மணி நேரம் கேளுங்கள். ஆண்டு மதிப்பீட்டன்று கேட்டுப் பயனில்லை. ரேட்டிங் பெரும்பாலும் அதற்குள் முடிவாகியிருக்கும். ‘எப்படிச் செய்கிறேன்?’ என்றால் ‘நல்லாத்தான் போகுது’ என்றுதான் பதில் வரும். ‘அடுத்த பதவிக்கு என் பெயரைச் சொல்ல எது உங்களைத் தயங்க வைக்கிறது?’ என்று கேட்டுவிட்டு, அவர் பேசும்வரை காத்திருங்கள். பேசியதை அன்றே நாலு வரியில் மெயில் அனுப்பிவிடுங்கள்.