மேட்டில் இறங்கித் தள்ளினால் மானம் போய்விடுமா?

சென்ற இதழில் "நீண்ட தூர மவுண்டன் பைக் பந்தயம் பற்றி எதுவானாலும் கேளுங்கள்" என்று ஒரு வரி போட்டாலும் போட்டேன், வந்த கடிதங்களில் பாதி பந்தயத்தைப் பற்றியே இல்லை, உட்காரும் இடத்து வலியைப் பற்றி. தப்பில்லை, பந்தயமே முக்கால்வாசி அதுதான். பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டிருப்பதால் யார் பெயரும் இங்கே இல்லை.

கே: எனக்கு வயது 38. மலைப்பாதையில் செங்குத்தான மேடு வந்தால் இறங்கித் தள்ளிவிடுகிறேன். கூட வருகிறவர்கள் "என்ன, சைக்கிளை வாக்கிங் கூட்டிப்போறியா" என்கிறார்கள். முதல் 100 கிலோமீட்டர் பந்தயத்துக்கு இன்னும் மூன்று மாதம் இருக்கிறது. தள்ளுவது கேவலமா சார்?

ப: அப்படிக் கேட்கிறவர்களை அமெரிக்காவில், கொலராடோ மாநிலத்து லெட்வில் ஊருக்கு ஒருமுறை அனுப்பி வையுங்கள். 1994 முதல் அங்கே நடக்கிற 100 மைல் மவுண்டன் பைக் பந்தயம் தொடங்கும் இடமே கடல் மட்டத்திலிருந்து 3,000 மீட்டருக்கு மேலே. நடுவில் கொலம்பைன் என்ற பழைய சுரங்கத்துப் பக்கம் ஏறும்போது 3,800 மீட்டர் வரை போய்விடும். அந்த ஏற்றத்தின் மேல்பகுதியில், முன்னால் பறக்கிற கொஞ்சம் பேரை விட்டால், மற்றவர்கள் எறும்புச் சாரை மாதிரி வரிசையாகச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் போவார்கள். 12 மணி நேரத்துக்குள் முடித்தால் பெல்ட்டில் மாட்டுகிற பக்கிள் ஒன்று தருவார்கள். அதில் "இவர் தள்ளினார்" என்று தனியாகப் பொறிப்பதில்லை.

கணக்காகவே பாருங்களேன். செங்குத்தில் உயிரைக் கொடுத்து மிதித்தால் மணிக்கு 5 கிலோமீட்டர், தள்ளினால் 4 என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிலோமீட்டருக்கு வித்தியாசம் வெறும் 3 நிமிடம். அந்த 3 நிமிடத்துக்காகக் காலில் இருந்த பலத்தையெல்லாம் கொட்டிவிட்டு, உச்சியில் போய் ஹேண்டில்பார் மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு 10 நிமிடம் நிற்கிறவர்களை நான் எல்லாப் பந்தயத்திலும் பார்க்கிறேன். மெதுவாகப் போகிறவர் எப்படியாவது வந்து சேர்ந்துவிடுவார், நின்று நின்று போகிறவர்தான் மாட்டிக்கொள்வார். தண்ணீர் பிடிக்க, ஜிப் போட, போட்டோ எடுக்க என்று மணிக்கு 6 நிமிடம் நின்றால் 12 மணி நேரத்தில் 72 நிமிடம் போச்சு. அதை மிதித்தே மீட்பது உங்களுக்கும் எனக்கும் ஆகிற காரியமில்லை.

ஆனால் தள்ளுவதற்கும் ஒரு முறை உண்டு. செயின் இருக்கிற பக்கம் நிற்காமல் எதிர்ப்பக்கம் நில்லுங்கள், இல்லையென்றால் கெண்டைக்காலில் பல்சக்கரம் கோடு போடும். சுமாரான மேட்டில் ஒரு கை ஹேண்டில்பாரில், ஒரு கை சீட்டில். கால் வழுக்குகிற அளவு செங்குத்து என்றால் இரண்டு கையாலும் ஹேண்டில்பாரைப் பிடித்து சைக்கிளை ஒரு முழம் முன்னால் தள்ளி, பிரேக்கை அழுத்திப் பிடித்து, அதையே ஊன்றுகோலாக வைத்து இரண்டு அடி ஏறி, பிரேக்கை விட்டு மறுபடி தள்ள வேண்டும். பார்க்கச் சகிக்காது, ஆனால் ஏறும். இந்த மூன்று மாதத்தில் வாரம் ஒரு நாள் நீளமாக, பேசிக்கொண்டே ஓட்ட முடிகிற வேகத்தில் ஓட்டுங்கள், அந்த ஓட்டத்தில் வேண்டுமென்றே அரை மணி நேரமாவது பந்தய ஷூவோடு தள்ளுங்கள். அடிப்பாகம் விறைப்பான ஷூவில் நடந்து பழகாதவருக்கு முதலில் போவது தொடை இல்லை, குதிகால் தோல்.

கே: மூன்று மணி நேரத்துக்கு மேல் உட்கார முடியவில்லை. பஞ்சு மெத்தை மாதிரி பெரிய சீட் வாங்கிப் போட்டேன், இன்னும் மோசமாகிவிட்டது. ஏன்?

ப: உடம்பின் எடையைத் தாங்க வேண்டியவை இடுப்பெலும்பின் அடியில் இருக்கிற இரண்டு முனைகள். சீட் மெத்தென்று இருந்தால் அந்த முனைகள் அமுங்கி உள்ளே போய்விடும், நடுவில் இருக்கிற பஞ்சு மேலே எழும்பி அழுத்தக் கூடாத இடத்தில் அழுத்தும். உங்கள் எலும்பு முனைகளின் அகலத்துக்குப் பொருந்துகிற, கொஞ்சம் கெட்டியான சீட்தான் வேண்டும். ஒரு அட்டையின் மேல் உட்கார்ந்து எழுந்தால் இரண்டு பள்ளம் தெரியும், அளந்துகொள்ளுங்கள்.

அப்புறம் ஒரு சங்கதி. பேடு வைத்த சைக்கிள் டிரவுசருக்குள் ஜட்டி போடக் கூடாது. எனக்கு யாரும் இதைச் சொல்லவில்லை. முதல் நீண்ட பந்தயத்தில் ஜட்டியோடு ஐந்து மணி நேரம் ஓட்டி, அதன் தையல் கோடு இருந்த இடத்திலெல்லாம் தோல் உரிந்து, மறுநாள் அலுவலகத்தில் நின்றுகொண்டே வேலை பார்த்தேன், கேட்டவர்களிடம் முதுகு வலி என்று சொல்லிவிட்டேன். உராயும் இடத்தில் க்ரீம் தடவுங்கள், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பெடலில் எழுந்து நில்லுங்கள். முக்கியமாக, ஓட்டி முடித்ததும் ஈர டிரவுசரோடு கதை பேசிக்கொண்டு நிற்காதீர்கள். கொப்புளம் வருவது பெரும்பாலும் அந்தக் கதையில்தான்.

கே: எந்தச் சைக்கிள் வாங்கலாம்?

ப: உங்கள் உயரத்துக்குப் பொருந்துகிறது. மீதிப் பணத்தில் நல்ல டயர்.

கே: ஓட்டும்போது எனக்குப் பசிப்பதே இல்லை. ஆனால் மூன்று மணி நேரம் கழித்துத் திடீரென்று யாரோ ஸ்விட்சை அணைத்த மாதிரி ஆகிவிடுகிறது. உடம்பில் ஏதாவது கோளாறா?

ப: கோளாறு வயிற்றில் இல்லை, கடிகாரத்தில். தசையிலும் கல்லீரலிலும் உடம்பு சேர்த்து வைத்திருக்கிற மாவுச்சத்து சுமார் 400 முதல் 500 கிராம்தான், கிட்டத்தட்ட 2,000 கலோரி. கடினமாக ஓட்டினால் மணிக்கு 600 கலோரி சாதாரணமாகச் செலவாகும். கொழுப்பிலிருந்தும் கொஞ்சம் எரியும் என்றாலும் மூன்று, நான்கு மணி நேரத்தில் கிடங்கு காலி. உங்கள் ஸ்விட்ச் சரியான நேரத்தில்தான் அணைகிறது.

எனக்கு ஒருமுறை இப்படி ஆகி ஒரு பாறையில் உட்கார்ந்தேன். சட்டைப் பையில் சாக்லேட் இருந்தது, ஆனால் அதன் உறையைப் பிரிக்க விரலுக்குத் தெரியவில்லை. உறையையே சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன், கடைசியில் பல்லால் கடித்துக் கிழித்தேன். அன்றிலிருந்து எல்லா உறைகளையும் வீட்டிலேயே பாதி பிரித்து வைத்துக்கொள்கிறேன், கைக்கடிகாரத்தில் 20 நிமிடத்துக்கு ஒரு மணி அடிக்கும். அடித்தால் ஒரு வாய், பசித்தாலும் பசிக்காவிட்டாலும்.

அளவு? மணிக்கு 60 கிராம் மாவுச்சத்து நல்ல தொடக்கம். நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் 25 கிராம் போல இருக்கும், ஆக இரண்டு பழமும் கொஞ்சம் சர்க்கரைத் தண்ணீரும். வயிற்றைப் பழக்கியவர்கள் 90 கிராம் வரை போகிறார்கள், ஆனால் குளுகோஸ் மட்டும் என்றால் குடல் அவ்வளவையும் உள்ளே விடாது. ஃபிரக்டோஸுக்கு வேறு வாசல், எனவே இரண்டும் கலந்தால் கூடுதலாகப் போகும். ஆறேழு மணி நேரத்துக்கு அப்புறம் இனிப்பைக் கண்டாலே குமட்டும், அப்போது உப்புத் தடவிய வேகவைத்த உருளைக்கிழங்கு தேவாமிர்தம். தண்ணீரைத் தாகத்துக்குக் குடியுங்கள். பயந்துகொண்டு வெறும் தண்ணீரை லிட்டர் லிட்டராக ஏற்றினால் ரத்தத்தில் சோடியம் குறைந்து அது வேறு ஆபத்து.

கே: 24 மணி நேரப் பந்தயத்தில் குழுவாகச் சேர்கிறோம். எனக்கு நள்ளிரவுச் சுற்று. விளக்கு தலையில் கட்டுவதா, ஹேண்டில்பாரிலா?

ப: இரண்டிலும். ஒன்றுதான் கிடைக்கும் என்றால் ஹெல்மெட்டில், ஏனென்றால் வளைவில் சைக்கிள் திரும்புமுன் உங்கள் கண் திரும்பிவிடும், வெளிச்சமும் கூடவே போகும். ஆனால் அதில் ஒரு வஞ்சகம் இருக்கிறது. வெளிச்சம் கண் இருக்கிற இடத்திலிருந்தே கிளம்புவதால், கல்லின் நிழல் கல்லுக்குப் பின்னாலேயே ஒளிந்துவிடும். பாதை முழுக்கச் சலவை செய்து விரித்த மாதிரி சமமாகத் தெரியும், நம்பிப் போனால் பள்ளம். ஹேண்டில்பார் விளக்கு தாழ்வாக இருப்பதால் ஒவ்வொரு கல்லுக்கும் வேருக்கும் நீள நிழல் விழும், மேடு பள்ளம் தெரியும். வேறு எதையும் நம்ப வேண்டாம், இன்று இரவு மொட்டை மாடியில் ஒரு கூழாங்கல்லை வைத்து டார்ச்சை நெற்றியில் ஒருமுறை, இடுப்பில் ஒருமுறை பிடித்துப் பாருங்கள். பேட்டரியை முழுப் பிரகாசத்தில் எத்தனை நேரம் தாங்குகிறது என்று வீட்டிலேயே எரியவிட்டு அளந்துவிடுங்கள், பெட்டியில் போட்டிருக்கிற நேரம் பெட்டியோடு சரி.

கே: நானும் என் கணவரும் ஜோடிப் பிரிவில் ஓட்டலாம் என்று இருக்கிறோம். பயிற்சியிலேயே சண்டை வருகிறது. அவர் முன்னால் போய்விட்டுத் திரும்பிப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறார்.

ப: தென்னாப்பிரிக்காவில் 2004 முதல் நடக்கும் கேப் எபிக் பந்தயம் எட்டு நாள், எல்லாமே ஜோடிகள். ஜோடியில் ஒருவருக்கும் மற்றவருக்கும் இடையே இரண்டு நிமிடத்துக்கு மேல் இடைவெளி விழுந்தால் தண்டனை உண்டு. அந்த விதியை எழுதியவர்களுக்குக் குடும்ப வாழ்க்கை நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். மேட்டில் நீங்கள் முன்னால் போங்கள், அவர் பின்னால் வரட்டும், வேகத்தை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். பம்ப், ட்யூப், சாப்பாடு எல்லாம் அவர் முதுகில். எதிர்க்காற்று அடிக்கும் சமதளத்தில் மட்டும் அவர் முன்னால் வந்து காற்றை மறைக்கட்டும். பெருமூச்சு விட்டால் வாயில் எதையாவது திணியுங்கள், பசியில் வருகிற எரிச்சலை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

கே: உதவி வண்டியே கூடாது என்கிற பந்தயங்கள் இருக்கிறதாமே, அப்படியென்றால் கடையில் ஒரு டீ கூடக் குடிக்கக் கூடாதா?

ப: தாராளமாகக் குடிக்கலாம். கனடாவின் பான்ஃப் ஊரில் தொடங்கி, மலைத்தொடரின் முதுகோடு 4,000 கிலோமீட்டருக்கு மேல் இறங்கி, அமெரிக்க மெக்சிகோ எல்லையில் ஆண்டலோப் வெல்ஸில் முடியும் டூர் டிவைடில் விதி இதுதான்: எல்லோருக்கும் திறந்திருக்கிற கடை, விடுதி எதையும் பயன்படுத்தலாம், உங்களுக்கென்று மட்டும் ஒருவர் எதையும் கொண்டுவந்து தரக் கூடாது. பரிசுப் பணம் கிடையாது. 2015இல் லேல் வில்காக்ஸ் என்ற பெண், பந்தயம் தொடங்கும் இடத்துக்கே அலாஸ்காவிலிருந்து சைக்கிளில் வந்து, அதன் பிறகு பந்தயத்தையும் ஓட்டி 17 நாள் சொச்சத்தில் முடித்தார். மறு வருடம் மைக் ஹால் என்பவர் 14 நாளுக்குள் முடித்தார். இதைப் படித்துவிட்டு வேலையை விட வேண்டாம்.

கே: எனக்குப் பந்தயமெல்லாம் வேண்டாம். வேலை, இரண்டு குழந்தைகள், வாரத்தில் கிடைப்பது இரண்டு மணி நேரம். அதில் என்ன சாகசம் செய்துவிட முடியும்?

ப: இந்தக் கடிதம்தான் இந்த மூட்டையிலேயே எனக்குப் பிடித்தது. இரண்டு மணி நேரம் குறைவில்லை, ஆனால் ஒரே பாதையில் போய் ஒரே பாதையில் திரும்பினால் அது உடற்பயிற்சி, அவ்வளவுதான். தினமும் தாண்டிப் போகிற, ஒருமுறைகூடத் திரும்பாத ஒரு கிளைப்பாதை உங்களுக்கும் இருக்கும். அதில் திரும்புங்கள். முட்டுச்சந்தாக இருந்தால் இருக்கட்டும். சூரியன் உதிக்கிறதுக்கு ஒரு மணி நேரம் முன்பு கிளம்பி, எங்கேயாவது உயரமான இடத்தில் ஃபிளாஸ்க்கைத் திறந்து குடித்துவிட்டு, மற்றவர்கள் பல் தேய்க்கும்போது வீட்டுக்கு வந்துவிடலாம். முதல் முறை மழையில் போங்கள் (இடி மின்னல் என்றால் வேண்டாம், திறந்த மேட்டில் மிக உயரமான பொருள் நீங்களாகத்தான் இருப்பீர்கள்), ஈரமான வேர் மேல் சக்கரம் எப்படி வழுக்குகிறது என்பது பத்து வீடியோ பார்த்தாலும் தெரியாதது.

குழந்தைகளைக் கூட்டிப்போனால் நீங்கள் நினைக்கிற தூரத்தில் பாதியைத் திட்டமிடுங்கள், அவர்களை முன்னால் விடுங்கள், போய்ச் சேருகிற இடத்தில் தண்ணீரோ ஏறுவதற்குப் பாறையோ இருக்கட்டும். என் மகளோடு முதலில் போனபோது 6 கிலோமீட்டர் என்று முடிவு செய்திருந்தேன். 700 மீட்டரில் ஒரு கம்பளிப்பூச்சி பாதையைக் கடந்துகொண்டிருந்தது. அது முழுசாகக் கடந்து முடிக்கிற வரை சைக்கிளைக் குறுக்கே போட்டுக் காவல் நின்றாள். அன்றைய பயணம் அவ்வளவுதான், இன்னும் அவள் சொல்லிக்கொண்டிருக்கிற பயணமும் அதுதான்.

கே: பையில் எதை மறந்தாலும் எதை மறக்கக் கூடாது?

ப: பம்ப், ட்யூப் எல்லாம் எல்லோரும் சொல்வார்கள். நான் சொல்வது ஹேங்கர். பின்சக்கரத்துப் பக்கம் கியர் மாற்றுகிற டீரெய்லரை ஃபிரேமோடு இணைக்கிற கட்டைவிரல் அளவு அலுமினியத் துண்டு. கல்லில் மோதினால் ஃபிரேம் உடையாமல் தான் உடைந்து காப்பாற்றுவதற்கென்றே மென்மையாகச் செய்திருப்பார்கள். பல சைக்கிள்களில் மாடலுக்கு மாடல் வடிவம் மாறும், பக்கத்தில் போகிறவரிடம் கடன் வாங்கலாம் என்று நம்ப முடியாது. கூடவே, செயின் அறுந்தால் மறுபடி இணைக்கிற க்விக் லிங்க் என்ற கண்ணி, உங்கள் செயினுக்குப் பொருந்துகிறது ஒன்று.

கே: நீளமாக ஓட்டிய மறுநாள் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போகின்றன. சட்டைப் பொத்தான் போட முடியவில்லை.

ப: உள்ளங்கையின் வெளி ஓரமாகப் போகிற நரம்பு ஹேண்டில்பாரில் நசுங்குகிறது. சீட்டின் மூக்கு கீழே சாய்ந்திருந்தால் எடையெல்லாம் கைக்கு வரும், மட்டமாக்குங்கள். ஹேண்டில்பாரைக் கொஞ்சம் உயர்த்துங்கள். பயத்தில் இறுக்கிப் பிடிக்கிறீர்களா என்று இறக்கத்தில் கவனியுங்கள், பிரேக்குக்கு ஒரு விரல் போதும். இரண்டு வாரத்தில் போகவில்லை என்றால் என்னிடம் கேட்காதீர்கள், டாக்டரிடம் போங்கள்.

கே: சேறோடு வீட்டுக்கு வந்ததும் முதலில் குளிப்பதா, சைக்கிளைத் துடைப்பதா?

ப: செயினைத் துடைத்து எண்ணெய் விட்டுவிட்டுக் குளியுங்கள். குளித்த பிறகு யாரும் செயின் பக்கம் போவதில்லை, நானும்தான்.