சூனியக்காரிகள் கொலை செய்யச் சொல்லவில்லை

அன்புள்ள ஐயா,

வணக்கம். என் மகள் பி.ஏ. ஆங்கில இலக்கியம் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். அவளுக்குப் பாடமாக ‘மேக்பெத்’ இருக்கிறது. அவளோடு சேர்ந்து நானும் உரையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்து முடித்தேன். தன் அரசனைக் கொன்று அரியணை ஏறும் அந்தத் தளபதி மேக்பெத்மேல் எனக்குக் கோபமே வரவில்லை, பாவமாகத்தான் இருந்தது. போரில் ஜெயித்துவிட்டுத் தன்பாட்டுக்கு வந்துகொண்டிருந்தவனை வழிமறித்து, ராஜா ஆவாய் என்று குறி சொன்னவர்கள் அந்த மூன்று சூனியக்காரக் கிழவிகள். தயங்கியவனை உசுப்பிவிட்டவள் மனைவி. இதில் அவன் பொறுப்பு எவ்வளவு? ஊழ்வினை உருத்துவந்து ஊட்டும் என்று சிலம்பில் படித்தவர்கள்தானே நாம்? கோவலனுக்காக அழவில்லையா? மகளோ, “எல்லாம் அவன் தப்புதான்பா, ஆம்பிஷன் என்று எழுதினால் மார்க் போடுவார்கள்” என்கிறாள். எனக்கு உறுத்துவது இன்னொன்று. பெரிதாக ஆசைப்படு என்று சொல்லித்தான் அவளை வளர்த்திருக்கிறேன். ஆசைப்பட்டதுதான் மேக்பெத் செய்த குற்றமா?

ர., தஞ்சாவூர்

அன்புள்ள ர.,

பாவமாக இருந்தது என்கிறீர்கள். எனக்கும் அப்படித்தான். ஷேக்ஸ்பியரும் அதற்காகத்தான் மெனக்கெட்டிருக்கிறார். ஆனால் பரிதாபப்பட்ட கையோடு அவனை விடுதலை செய்துவிட வேண்டியதில்லை.

அந்தக் கிழவிகள் என்ன சொன்னார்கள் என்பதை முதலில் பார்ப்போம். மூன்றே வாழ்த்து. கிளாமிஸ் பிரபுவே வாழ்க, காடர் பிரபுவே வாழ்க, இனி அரசனாகப் போகிறவனே வாழ்க. கிளாமிஸ் ஏற்கெனவே அவனுடையது. காடர் பட்டத்தை அதே காட்சியில் அரசனின் ஆட்கள் தேடி வந்து கொடுக்கிறார்கள். அதற்காக அவன் ஒரு துரும்பைக்கூடக் கிள்ளிப்போடவில்லை. அப்படியானால் மூன்றாவதும் தானாக வரட்டும் என்று பேசாமல் இருக்கலாமே? அவனுக்கும் இது தோன்றாமல் இல்லை. விதி என்னை அரசனாக்க நினைத்தால் நான் அசையாமலே அது எனக்கு முடிசூட்டட்டும் என்று சொல்லிக்கொள்கிறான். ஆனால் அதற்குச் சில வரிகள் முன்பே அவன் மயிர் குத்திட்டு நிற்கிறது, நெஞ்சு விலா எலும்பில் மோதுகிறது. கொலை என்ற நினைப்பு வந்துவிட்டது. அந்தச் சொல்லைக் கிழவிகள் யாரும் வாயில் எடுக்கவே இல்லை.

பக்கத்தில் சக தளபதி பாங்கோ நிற்கிறான். அவனுக்கும் குறி சொன்னார்கள்: நீ ஆளமாட்டாய், உன் வம்சம் ஆளும். சின்ன விஷயத்தில் உண்மையைச் சொல்லி நம்ப வைத்துவிட்டுப் பெரிய விஷயத்தில் காலை வாரிவிடுவார்கள் என்று அங்கேயே எச்சரிக்கிறான். ராத்திரி அவனுக்கும் தூக்கம் பிடிப்பதில்லை, கெட்ட நினைப்புகள் வருகின்றன. அவற்றை அடக்கச் சொல்லி வேண்டிக்கொள்கிறான். பாங்கோவும் முழு யோக்கியன் இல்லை. அரசன் டங்கனைக் கொன்றது மேக்பெத்தாக இருக்கும் என்று பின்னால் சந்தேகப்படுகிறான், ஆனாலும் தனக்குச் சொன்னதும் பலிக்கட்டுமே என்று வாயை மூடிக்கொள்கிறான். அவ்வளவு ஆசை இருந்தும் அவன் கத்தியை எடுக்கவில்லை.

2021-ல் வந்த மலையாளப் படம் ‘ஜோஜி’ பார்த்திருப்பீர்கள். ஃபகத் ஃபாசில் நடித்தது, மேக்பெத்திலிருந்து பிறந்த படம். அதில் சூனியக்காரிகளே கிடையாது. கதை ஒன்றும் நின்றுபோய்விடவில்லை.

சரி, மனைவி. நீங்கள் திரும்பப் படிக்க வேண்டியது முதல் அங்கத்தின் ஏழாம் காட்சி. உள்ளே டங்கனுக்கு விருந்து நடக்கிறது. வேலைக்காரர்கள் தட்டுகளோடு போய் வருகிறார்கள். வந்த அரசன் சாப்பிட்டு முடிக்கும் முன்பே வீட்டுக்காரன் எழுந்து வெளியே வந்துவிட்டான். தனியாக நின்று யோசிக்கிறான். நான் இவருக்கு உறவுக்காரன், குடிமகன். இன்றைக்கு என் வீட்டில் தங்கியிருக்கிறார். கொலைகாரன் வந்தால் கதவை அடைக்க வேண்டியவன் நான், கத்தியை நானே எடுப்பதா? சாதுவான மனிதர், பதவியில் ஒரு கறை கிடையாது. இவரைக் கொல்ல என்னிடம் இருக்கும் காரணமெல்லாம் எகிறிக் குதிக்கும் ஆசை ஒன்றுதான். அதுவும் தாவிய வேகத்தில் மறுபக்கம் போய் விழுகிற ஆசை.

எந்த அரசு வக்கீலும் அவனுக்கு எதிராக இவ்வளவு கச்சிதமாக வாதாட மாட்டார். குற்றம் நடப்பதற்கு முன்பே தீர்ப்பையும் எழுதிவிட்டான். பிறகு மனைவி வருகிறாள். இந்தக் காரியம் இத்தோடு போதும் என்கிறான். அவள் கோழை என்கிறாள், ஆண்மையை இழுக்கிறாள். கூடவே ஒரு விஷயத்தைச் சொல்கிறாள், பலர் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்: இந்தப் பேச்சை முதலில் என்னிடம் எடுத்தவன் நீதானே, அப்போது இடமும் நேரமும்கூடத் தோதாக இல்லையே? அதை அவன் மறுக்கவில்லை.

அடுத்து அவன் கேட்பது: தோற்றுப்போனால்? நாடகமே இந்த இடத்தில் திரும்பிவிடுகிறது. இதுவரை செய்யலாமா என்று கேட்டுக்கொண்டிருந்தவன், இப்போது மாட்டிக்கொள்வோமா என்று கேட்கிறான். காவலர்களுக்குக் குடிக்கக் கொடுத்து மயக்கிவிடலாம் என்று அவள் திட்டம் சொல்கிறாள். உடனே இவன் தன் பங்குக்கு அதைத் திருத்துகிறான்: தூங்குகிறவர்கள்மேல் ரத்தத்தைப் பூசிவிட்டு, அவர்களுடைய கத்திகளையே பயன்படுத்தினால் அவர்கள்தான் செய்தார்கள் என்று நம்ப மாட்டார்களா? மனைவியின் வார்த்தைக்குக் கட்டுப்பட்டுத் தலையாட்டுகிற ஆள் இப்படி யோசனை சொல்ல மாட்டான்.

ஷேக்ஸ்பியர் இந்தக் கதையை எங்கிருந்து எடுத்தார், எடுத்ததில் எதையெல்லாம் வெட்டினார் என்று பார்த்தால் உங்கள் கேள்விக்குப் பாதிப் பதில் கிடைத்துவிடும். ஹாலின்ஷெட் பெயரில் வந்த வரலாற்றுத் தொகுப்புதான் அவருக்கு மூலம். அதில் மேக்பெத் பக்கம் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. டங்கன் அங்கே அளவுக்கு மீறி இளகிய மனசுக்காரன், நாட்டை அடக்கியாளத் தெரியாதவன். வாரிசு சிறு பிள்ளையாக இருந்தால் ரத்த உறவில் அடுத்தவர் ஆளலாம் என்று அங்கே பழைய சட்டம் ஒன்று உண்டு. டங்கன் தன் மகன் மால்கமுக்கு இளவரசுப் பட்டம் கட்டியதும் மேக்பெத் தன் உரிமை பறிபோனதாக நினைக்கிறான். பாங்கோ உட்பட நண்பர்களிடம் சொல்லி, அவர்கள் துணையோடுதான் கொல்கிறான். அப்புறம் பத்து வருடம் நல்ல சட்டங்கள் போட்டு ஒழுங்காக ஆள்கிறான். கொடுங்கோன்மை எல்லாம் அதற்குப் பிறகுதான். நிஜ வரலாறு இன்னும் சாதாரணமானது. டங்கன் 1040-ல் இறந்தது படுக்கையில் இல்லை, படையோடு மேக்பெத்தின் பகுதிக்குப் போன இடத்தில். மேக்பெத் 17 வருடம் ஆண்டான். 1050-ல் ரோமுக்கு யாத்திரை போய் ஏழைகளுக்குப் பணத்தை வாரி இறைத்தான் என்று பதிவு இருக்கிறது. நாற்காலி ஆட்டம் கண்டவன் அந்தக் காலத்தில் அவ்வளவு தூரம் ஊரை விட்டுப் போயிருப்பானா?

இதில் வாரிசுச் சட்டத்தை ஷேக்ஸ்பியர் தூக்கிவிட்டார். கூட்டாளிகளையும் தூக்கிவிட்டார். பத்து வருட நல்லாட்சி போயே போச்சு. பலவீனமான டங்கனை நல்லவனாக, வயதானவனாக மாற்றினார். அதே தொகுப்பில் வேறோர் இடத்தில், டான்வால்ட் என்பவன் மனைவி தூண்ட, வீட்டுக்கு வந்த டஃப் அரசனின் காவலர்களைக் குடிக்க வைத்துத் தூக்கத்தில் கொல்லச் செய்த கதை இருக்கிறது. அதைக் கொண்டுவந்து மேக்பெத் தலையில் கட்டினார். பாங்கோவைக் கொலைப் பழியிலிருந்து காப்பாற்றியதற்கு அரசியல் காரணம் உண்டு: 1603-ல் இங்கிலாந்தின் அரியணை ஏறிய முதலாம் ஜேம்ஸ், பாங்கோவின் வம்சம் என்று கருதப்பட்டவர், ஷேக்ஸ்பியரின் நாடகக் குழுவுக்குப் புரவலரும் அவரே. மற்ற மாற்றங்களுக்கு அந்த விளக்கம் போதாது. மேக்பெத் தனக்காகச் சொல்லிக்கொள்ளக்கூடிய சாக்குகளை ஒவ்வொன்றாக உருவிவிட்டு, அவன் ஆசையை மட்டும் கையில் கொடுத்து நிற்க வைத்திருக்கிறார்.

கோவலனைச் சொன்னீர்கள். சிலம்பின் கட்டுரைக் காதையில் மதுராபதித் தெய்வம் கண்ணகிக்கு என்ன சொல்கிறது? முற்பிறவியில் சிங்கபுரத்தில் பரதன் என்ற பெயரில் இருந்த கோவலன், சங்கமன் என்ற வணிகனை ஒற்றன் என்று காட்டிக்கொடுத்துக் கொலைக்கு ஆளாக்கினான். சங்கமனின் மனைவி நீலி இட்ட சாபம் இப்போது வந்து சேர்ந்தது. ஆக அங்கேயும் ஊழுக்குப் பின்னால் ஒரு ஆளும் ஒரு செயலும் உண்டு. நமக்குக் கண்ணில் படாத பிறவியில் நடந்ததால் கோவலனுக்காகத் தாராளமாக அழ முடிகிறது. மேக்பெத்துக்கு அந்த வசதி கிடையாது. வினையும் விளைவும் ஒரே மாலைப்பொழுதில் நம் கண்முன்னால் நடந்து முடிகின்றன.

டங்கன் கொலைக்கு மனைவி பாதிப் பொறுப்பு என்றே வைத்துக்கொள்வோம். பாங்கோவைக் கொல்லச் சொன்னது யார்? மூன்றாம் அங்கத்தில் அவனே ஆள் பிடிக்கிறான். வந்தவர்களிடம், நாயிலும் வேட்டைநாய் இருக்கிறது, சாதாரண நாய் இருக்கிறது, நீங்கள் எந்த வகை ஆண்பிள்ளை என்று கேட்கிறான். மனைவி தன்மேல் போட்ட அதே தூண்டிலை இவன் அடுத்தவர்கள்மேல் போடுகிறான். அவளிடமோ, நடந்து முடிந்ததும் பாராட்டு, அதுவரை தெரியாமலே இரு கண்ணே என்று மறைத்துவிடுகிறான். ஃபைஃப் பிரபு மேக்டஃப் இங்கிலாந்துக்கு ஓடிப்போன பிறகு, அவன் மனைவியையும் பிள்ளைகளையும் ஆள் அனுப்பிக் கொல்கிறான். அதனால் அவனுக்கு ஒரு பைசா லாபம் இல்லை. லேடி மேக்பெத் தூக்கத்தில் நடக்கும்போது அதையும் சொல்லிப் புலம்புகிறாள்: ஃபைஃப் பிரபுவுக்கு ஒரு மனைவி இருந்தாளே, இப்போது எங்கே அவள்?

இப்போது உங்கள் மகள் விஷயம். நாடகம் தொடங்கும்போது மேக்பெத் ஆசையில்லாத ஆளாக இருந்திருந்தால் அந்தப் போரையே ஜெயித்திருக்க மாட்டான், அதற்காக யாரும் அவனைக் குறை சொல்லவும் இல்லை. எனக்கு விசித்திரமாகப் படுவது வேறு. அரசனானால் என்ன செய்வேன் என்று அவன் ஒரு இடத்திலும் சொல்வதில்லை. முடி கிடைத்த பிறகு அவன் பேச்செல்லாம் பயத்தைப் பற்றித்தான். இப்படி இருப்பது ஒன்றுமே இல்லை, பத்திரமாக இருக்க வேண்டும் என்கிறான். அவன் மனைவி அவனுடைய கடிதத்தைப் படித்துவிட்டுச் சொல்வதை மிஞ்சிய விமர்சனம் கிடையாது. உனக்குப் பெரிதாகவும் வேண்டும், புனிதமாகவும் வேண்டும். கள்ள ஆட்டம் ஆட மாட்டாய், ஆனால் கள்ளத்தனமாக ஜெயிக்கப் பிடிக்கும். உங்கள் மகளிடம் ஆசைப்படு என்று தாராளமாகச் சொல்லுங்கள். எதற்காக அது வேண்டும் என்று ஒருதரம் கேட்டும் வையுங்கள்.

பரீட்சைக்கு ஆம்பிஷன் என்று எழுதத்தான் வேண்டும், திருத்துகிறவர் அதைத் தேடுவார். அதற்குக் கீழே கடைசி அங்கத்திலிருந்து ஒரு இடத்தையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். போர்க்களத்தில் மேக்டஃப் எதிரே வந்து நிற்கிறான். மேக்பெத் உடனே கத்தியை ஓங்குவதில்லை. மற்ற எல்லோரையும்விட உன்னைத்தான் தவிர்த்து வந்தேன், திரும்பிப் போய்விடு, உன் வீட்டு ரத்தம் ஏற்கெனவே என்மேல் அதிகம் என்கிறான். பெண் பெற்ற எவனாலும் உனக்குத் தீங்கு வராது என்று சூனியக்காரிகள் வரவழைத்த ஆவி அவனுக்கு முன்பே வாக்குக் கொடுத்திருந்தது. சற்று நேரத்தில், மேக்டஃப் தாயின் வயிற்றைக் கிழித்து எடுக்கப்பட்டவன் என்று தெரிந்ததும் சூனியக்காரிகளைத் திட்டுகிறான். இரண்டு அர்த்தம் வைத்துப் பேசிக் காக்கும் என்று நம்பவைத்து ஏமாற்றிவிட்டார்கள் என்பதுதான் அவன் புகார். அவர்கள்தான் என்னைக் கொல்ல வைத்தார்கள் என்று அப்போதும் அவன் சொல்வதில்லை.