பகடை போட்ட குகைக்கு உயிர் வருமா?

கேள்வி: ஆளுக்கொரு பாத்திரமாகக் கதைக்குள் புகுந்து, பகடை உருட்டி ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்துக்குக் கணினி உருவாக்கிக் கொடுத்த குகைச் சாகசம் சப்பென்று இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: 20 அறை கொடுத்திருக்குமே? முதலில் பாதியை வெட்டுங்கள். கணினிக்கு அறையை நிரப்பத் தெரியும், பக்கத்து அறையில் யார் என்பது தெரியாது. இங்கே ஆறு கோப்ளின் குட்டிச்சாத்தான்கள் கத்திக்கொண்டிருக்க, சுவருக்கு அந்தப் பக்கம் ஓகர் பூதம் நிம்மதியாகக் குறட்டை விடும். ஏன் என்று நீங்களே கேளுங்கள். கோப்ளின்கள் அதற்கு மாதாமாதம் ஆடு கப்பம் கட்டுகின்றன, இந்த மாதம் ஆடு சிக்கவில்லை என்று வைத்தால், சரி, கதை வந்துவிட்டது, ஆடுபவர்கள் சண்டை போடலாம், பேரம் பேசலாம், ஆடும் தேடலாம். அப்புறம், முக்கியமான துப்பை மூன்று இடத்தில் போடுங்கள், இரண்டை எப்படியும் தவறவிடுவார்கள். கணினியை மட்டும் திட்டாதீர்கள். இந்த ஆட்டத்தை நடத்துபவருக்காக 1979-ல் வந்த கையேட்டிலேயே பகடை உருட்டிக் குகை அமைக்கும் அட்டவணைகள் உண்டு, அவற்றுக்கும் இதே வியாதிதான்.